தாம்பாளத்துக் கொக்கி

ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னேன்ல, அது பொய் தாயி. கண்டக்டரு கத்துனது உங்க காதுலயும் விழுந்திருக்கும். "என்னக்கா, இன்னைக்கு மனுவா?"ன்னு பஸ்ஸு முழுக்கக் கேக்கற மாதிரிக் கேட்டுட்டுப் போறான். நல்ல பையன்தான், கெட்ட எண்ணம் கெடையாது. ஆனா தொண்டை இருக்கே, மைக் செட்டு. மனுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அப்பறம் பாத்தா, நமக்கு நடுவுல இருந்த பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டீக. தெரிஞ்சிருக்கு.

தப்புன்னு சொல்லல தாயி. நானா இருந்தாலும் எடுத்துத்தான் வச்சிருப்பேன். ஜெயிலுக்கு மனு போட்டுப் பாக்கப் போறவ பக்கத்துல யாரு நிம்மதியா உக்காருவா? எங்க தெருவுல இப்ப என்னையக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுறதில்ல. பத்திரிகை மட்டும் வரும், கதவு இடுக்குல சொருகிட்டுப் போயிருவாக. வாசல்ல நின்னு "கட்டாயம் வந்துரணும்"னு ஒரு வார்த்தை சொல்ல ஆளு கெடையாது.

எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு. கொலைக் கேசு. ஆயுள் தண்டனை போட்டுட்டாக. பாருங்க, சொல்லிட்டேன். சொல்லும்போது நாக்கு கூசுது. ஆனா ஒண்ணு தாயி, அவரு களவாணி இல்ல, குடிகாரரு இல்ல, பொம்பள விசயம் கெடையாது. ரோசம். அந்த மனுசனுக்கு ரோசம் சாஸ்தி. ஒரு சொல்லு தாங்க மாட்டாரு. அந்த ஒண்ணுதான் அவரக் கொண்டுபோயி உள்ள வச்சிருச்சு. பொறுமையா இருங்க, பொறுமையா இருங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்.

இந்த வருசம் சித்திரையில இருந்து அவரு என்னைய வந்து பாக்கறதில்ல. நான் போவேன், மனு போடுவேன், பேரைக் கூப்பிடுவாக, எல்லாரு வீட்டு ஆளும் வரும், எங்க ஆளு மட்டும் வராது. வாங்கிட்டுப் போன பிஸ்கோத்த அங்கயே எந்தப் புள்ளைக்காவது குடுத்துட்டு வந்துருவேன். என் மகன் தவசி, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், அவன் போனா வர்றாரு. மகன்கிட்ட நல்லாத்தான் பேசுறாராம். போன வாரம் அவன்கிட்டச் சொல்லிவிட்டிருக்காரு. "உங்க அம்மாவ ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அதுக்கு அவ வாயால பதில் சொல்றதா இருந்தா வரச்சொல்லு, நான் வர்றேன். இல்லைன்னா இனிமே பஸ்ஸுக்குக் காசு செலவழிக்க வேணாம்னு சொல்லு."

என்ன கேள்வின்னு கேக்கறீகளா? சொல்றேன். மொதல்ல கதையச் சொன்னாத்தான் கேள்வி புரியும். வாடிப்பட்டி தாண்டுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

அவரு பேரு வீரணன். எங்க ஊரு காய்கறி மார்க்கெட்டுல லோடுமேனு. வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, எது வந்தாலும் லாரியில இருந்து எறக்கறது, ஏத்தறது. ஆளு பாக்கறதுக்கு மலை மாதிரி இருப்பாரு. பேச்சு வராது. சம்பாதிச்சதக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டு, குளிச்சு, சோத்தத் தின்னுட்டு, ரேடியோவக் கேட்டுக்கிட்டே தூங்கிருவாரு. இந்த ஆளு ஒரு உசுர எடுப்பாருன்னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா, சொன்னவுகள நான் வெளக்கமாத்தால அடிச்சிருப்பேன்.

எங்க மார்க்கெட்டு லோடுமேனுகளுக்கு ஒரு சங்கம் உண்டு. அதுக்குத் தலைவரு சோலைமலை அண்ணன். என் பொறந்த ஊருப் பக்கந்தான் அவருக்கும், எனக்கு அண்ணன் முறை. எங்க வீட்டுக்காரர சங்கத்துல சேத்துவிட்டது அவரு. எனக்கு மாப்பிள்ளையாக் கூட்டியாந்ததும் அவரு. "பய பேசமாட்டான் தங்கச்சி, ஆனா உன்னையக் கண் கலங்க விடமாட்டான்"னாரு. அது மாதிரித்தான் நடந்துச்சு. கண் கலங்க விட்டதில்ல. இப்பத்தான்.

சங்கத்துல எலெக்‌ஷன் எல்லாம் கெடையாது தாயி. ஓட்டு இல்ல, பொட்டி இல்ல. ஆயுத பூசைதான். மூட்டையக் குத்தி இழுக்கக் கையில ஒரு இரும்புக் கொக்கி வச்சிருப்பாக, பாத்திருப்பீக. அன்னைக்கு எல்லாரு கொக்கியையும் புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவி, சாமி படத்துக்கு முன்னால வாழை எலையில வரிசையா வைப்பாக. ஒரே ஒரு கொக்கி மட்டும் நடுவுல, பித்தளைத் தாம்பாளத்துல இருக்கும். அது தலைவரு கொக்கி. மொதச் சந்தனம் அதுக்குத்தான். எந்த வருசம் யாரு கொக்கி தாம்பாளத்துல இருக்கோ, அந்த வருசம் அவருதான் தலைவரு. வெலகணும்னு நெனைக்கிறவரு, தன் கையாலயே தன் கொக்கிய எறக்கி எலையில வச்சுட்டு, அடுத்தவன் கொக்கிய எடுத்துத் தாம்பாளத்துல வைக்கணும். அவருதான் வைக்கணும். வேற ஆளு எடுத்தா, தலைவரு செத்துப்போனாருன்னு அர்த்தம். செத்தாத்தான் மத்தவுக எறக்குவாக.

பொம்பளைகளுக்கும் அன்னைக்கு ஒரு மரியாதை உண்டு. தலைவரு சம்சாரம்தான் குத்துவெளக்கு ஏத்தணும். அவுகதான் பொரி பங்கு வைக்கணும். சோலைமலை அண்ணன் சம்சாரம் பாக்கியம் மதினி. நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து அவுகதான் ஏத்துறாக. ஒரு வருசம் காத்துல வெளக்கு நிக்கல. நான் பக்கத்துல இருந்தேன், தீப்பெட்டிய எடுத்து உரசப் போனேன். "நீ போயி சுண்டலப் பாரு பஞ்சவர்ணம், அடி பிடிக்கப் போவுது"ன்னாக. அத்தன பொம்பளைக முன்னால. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. இத்துனூண்டு விசயம். நான் அதப் பெருசா எடுத்துக்கல. அன்னைக்கு அவுக அரக்குச் சேலை கட்டியிருந்தாக, பச்சைக் கரை. வலது காதுல தோடு திருகாணி கழண்டு தொங்குச்சு. சுண்டல் ஒண்ணும் அடி பிடிக்கல, நான் போயிப் பாத்தேன். ஆனா பெருசா எடுத்துக்கல.

அதுக்கு மறு வருசம் கமிஷன் கடை மொதலாளி ஒருத்தரு எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லியிருக்காரு. "சோலைமலைக்கு வயசாச்சுப்பா, அடுத்து நீதான்." அவரு வந்து அத ஒரு தமாசா என்கிட்டச் சொன்னாரு. சொல்லிட்டுத் தூங்கிட்டாரு. எனக்குத் தூக்கம் வரல. ஏன் இவரு தலைவரா இருக்கக் கூடாது? உழைக்கறதுல இவருக்கு மேல யாரு? சோலைமலை அண்ணன் மூட்டையத் தொட்டு வருசக்கணக்காச்சு. நாற்காலியில உக்காந்து துண்டால வீசிக்கிட்டு, "இங்கிட்டு எறக்கு, அங்கிட்டு அடுக்கு"ன்னு சொல்றதுதான் வேலை. நியாயத்தச் சொல்லுங்க தாயி. புருசன் நல்லா வரணும்னு நெனைக்கறது தப்பா?

நான் எடுத்துச் சொன்னேன். சண்டை போடல, எடுத்துத்தான் சொன்னேன். சோத்தப் போடும்போது சொல்லுவேன், வெஞ்சனம் வைக்கும்போது சொல்லுவேன். "அண்ணன் இருக்கற வரைக்கும் அண்ணன்தான்"னு ஒரே பேச்சு. அதுக்கு மேல வாய் தெறக்கமாட்டாரு. அப்பறம் நானும் பேசறதில்லைன்னு இருந்தேன். சோத்தத் தட்டுல போட்டு வச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன். ஒரு ஆடி மாசம் பாதிக்கு மேல அப்படிப் போச்சு. பேச்சு வராத மனுசன்னு சொன்னேன்ல, ஆனா நான் பேசாம இருந்தா அவருக்குத் தாங்காது. ரேடியோவக்கூட அமத்திட்டு உக்காந்திருப்பாரு.

அவரு ரோசத்துக்கு ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒருதரம், ஒரு லாரி டிரைவரு "ஒங்க வீரணனுக்கு இனி கெழட்டு மாட்டு வேலைதான்"னு வெளையாட்டாச் சொல்லியிருக்கான். அவ்வளவுதான். ரெண்டு உருளைக்கிழங்கு மூட்டைய ஒண்ணாத் தூக்கி முதுகுல வச்சுக்கிட்டு, மச்சுப்படி ஏறி, மேல போயி எறக்கிட்டுத்தான் நின்னாரு. எறங்கி வர முடியல. நாலு பேரு தூக்கியாந்து வீட்டுல போட்டாக. ஒரு மாசம் படுக்கை. நான்தான் எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சுவிட்டேன். அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, இந்த மனுசன ஒரு சொல்லு போட்டா எங்கிட்டு வேணும்னாலும் நகத்திரலாம்னு. அதாவது, யாரு வேணும்னாலும் நகத்திரலாம்னு சொல்றேன். அப்படி ஒரு பலவீனம்.

அந்த ஆடியில நானும் ஒருநாள் கேட்டுட்டேன். "காலம் பூரா அடுத்தவன் 'தூக்கு'ன்னாத் தூக்கறதுக்குத்தான் இந்த உடம்ப வளத்தீகளா"ன்னேன். பொஞ்சாதி கேக்காம வேற யாரு கேப்பா? மறுநாள் மார்க்கெட்டுல புதுசாச் சேந்த ஒருத்தன் ஏதோ எதிர்த்துப் பேசியிருக்கான், கன்னத்துல அறைஞ்சுட்டாரு. அதுவரைக்கும் யாரையும் கை நீட்டுனதில்ல. வீட்டுக்கு வந்து கையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. "அடிச்சுட்டேன் பஞ்சவர்ணம், பய காதுல ரத்தம் வந்திருச்சு"ன்னாரு. அன்னைக்கு நான் பாயாசம் வச்சேன். ஆடி வெள்ளிக்கிழமை, அதுக்குத்தான் வச்சேன். அவரு குடிக்கல.

ஆனா ஒண்ணு, அதுக்கப்பறம் மார்க்கெட்டுல அவரு மேல ஒரு பயம் வந்துச்சு. அவரு வந்தா ஆளுக எந்திரிச்சு நிக்க ஆரம்பிச்சாக. எளவட்டங்க நாலஞ்சு பேரு "இனி வீரண்ணன்தான்"னு பேசிக்கிட்டாக. சங்கத்துல சோலைமலை அண்ணன் பேசும்போது நடுவுல இவரு "அது சரி வராது"ன்னு சொன்னாராம். என்கிட்ட வந்து சொன்னப்ப எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. நல்ல மனுசன நான் கெடுத்துட்டேன்னு என் மகன் இப்பச் சொல்றான். படிக்காத பய, அவனுக்கு என்ன தெரியும். நான் ஒருத்தி சொன்னா ஒரு ஆம்பளை கெட்டுப்போயிருவாரா? உள்ளுக்குள்ள இருந்துச்சு, வெளிய வந்துச்சு.

இப்பக் கேள்விக்கு வர்றேன்.

கோர்ட்டுல பாக்கியம் மதினி கூண்டுல ஏறிச் சொன்னாக. இந்தப் பங்குனியில. வெள்ளச் சேலையில பாக்க எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. என்ன சொன்னாக தெரியுமா? "பூசைக்கு முந்துன வாரம் எங்க வீட்டுக்காரரு பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனாரு. இந்த ஒரு வருசம் மட்டும் என் கொக்கி இருக்கட்டும், தையில மக கல்யாணம், பந்தல்ல தலைவரா நின்னு நாலு பேரக் கும்பிடணும்னு ஆசையா இருக்கு, அடுத்த பூசைக்கு வீரணன் கொக்கிய நானே என் கையால எடுத்து வைக்கிறேன், இத அவன்ட்டச் சொல்லிருன்னு இவகிட்டச் சொல்லிட்டு வந்தாரு. இவ புருசன்கிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா இன்னைக்கு எம் புருசன் உசுரோட இருப்பாரு."

நான் எந்திரிச்சு நின்னு, "இல்லய்யா, அப்படி யாரும் வரல"ன்னேன். உன்னையக் கேக்கலம்மா உக்காருன்னுட்டாக. எங்க வீட்டுக்காரரு கூண்டுல இருந்து என்னையத் திரும்பிப் பாத்தாரு. அன்னைக்குப் பாத்ததுதான். அதுக்கப்பறம் அவரு என்னையப் பாக்கல.

அதுதான் கேள்வி. அண்ணன் வந்தாரா, வரலியா? அவ்வளவுதான்.

வரல தாயி. அபாண்டம். புருசனப் பறிகுடுத்த வயித்தெரிச்சல், யாரு மேலயாவது போடணும்ல, என் மேல போட்டுட்டாக. நான் குத்தம் சொல்லல, அவுக நெலமையில நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா பொய் பொய்தான. இன்னைக்கு அவரு முகத்துக்கு நேரா அதத்தான் சொல்லப் போறேன். வரலைங்க, என்னைய நம்புங்கன்னு. அவருக்கும் அதுதான் நல்லது. தனக்குத் தூக்கிக் குடுக்க வந்த மனுசனத்தான் கொன்னோம்னு தெரிஞ்சா, உள்ள எப்படி நாளக் கழிப்பாரு, சொல்லுங்க? பொஞ்சாதி அதையும் யோசிக்கணும்ல.

பூசையன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, நான் விடிஞ்சதும் சங்கத்துக் கொட்டகைக்குப் போயிட்டேன். தெனமும் ஆம்பளைக புழங்கற எடம், கூட்டிப் பெருக்கித் தண்ணி தெளிச்சேன். கொக்கியெல்லாம் கழுவி ஒரு சாக்குல கெடந்துச்சு. யாரும் வரல. சரி, நாமளே அடுக்குவோம்னு எலையப் போட்டு அடுக்குனேன். தாம்பாளத்துலயும் ஒண்ண வச்சேன். அது எங்க வீட்டுக்காரரு கொக்கியாப் போச்சு. எல்லாம் ஒரே இரும்புதான, எடம் மாறிப்போச்சு. பிடியில அவரு பேரு வெட்டியிருக்கும், எனக்கு எழுத்துக் கூட்டித் தெரியும், ஆனா அவசரத்துல பாக்கல. சந்தனத்தையும் வச்சுட்டேன். வெளக்குக்கு எண்ணெய் ஊத்தித் திரி போட்டேன். ஏத்தல. ஏத்தறதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாக.

பாக்கியம் மதினிதான் மொதல்ல பாத்தாக. "ஐயய்யோ, எம் புருசன் கொக்கிய எறக்கிட்டாகளே, மனுசன் உசுரோட நிக்கறாரே"ன்னு மாருல அடிச்சுக்கிட்டாக. பின்னாடி நின்ன பயக சிரிக்க ஆரம்பிச்சுட்டாக. "தலைவரு இன்னைக்கே காலிய்யா"ன்னு ஒருத்தன். "வீரணனுக்கு அம்புட்டு அவசரமா"ன்னு ஒருத்தன். எங்க வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போச்சு. அவருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல. விறுவிறுன்னு வந்து தாம்பாளத்துல இருந்து தன் கொக்கியக் கையில எடுத்தாரு. எடுத்து, எலையில வைக்கத்தான் குனிஞ்சாரு. அத நான் பாத்தேன். வைக்கத்தான் குனிஞ்சாரு.

நான் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல நின்னு மெதுவா, "வைங்க, வைங்க, நீங்க சுமக்கத்தான் லாயக்கு"ன்னேன். அவருக்கு மட்டும் கேக்கற மாதிரித்தான் சொன்னேன். ஒரு ஆத்தாமையில சொல்றதுதான. வேற எந்தப் புருசனும் கேட்டுட்டுப் போயிருவான். இவரு நிமிந்துட்டாரு. அந்த நேரம் பாத்து சோலைமலை அண்ணன் பின்னாடி வந்து தோள்ல கையப் போட்டாரு. "இருக்கட்டும் விடுப்பா"ன்னாரு. கோபமே இல்ல அவரு மொகத்துல. சிரிச்ச மொகம். சிரிக்கவும் இவருக்கு என்ன தோணுச்சோ, கொக்கியோட திரும்புனாரு. கழுத்துல.

நான் வேற பக்கம் திரும்பிக்கல. எல்லாத்தையும் பாத்தேன். அண்ணன் சாஞ்சு, எண்ணெய்ச் சட்டியத் தட்டி விட்டு, பொரி மூட்டை மேல விழுந்தாரு. காலு ரெண்டும் வெட்டி வெட்டி இழுத்துச்சு, ஒரு செருப்பு கழண்டு தனியா வந்துருச்சு. வாரு அந்துபோயி சணலால கட்டுன செருப்பு தாயி. எங்க வீட்டு வாசல்ல கழட்டிப் போடும்போதே நான் கேட்டேன், "ஏண்ணே, மகளுக்குக் கல்யாணம் வச்சுக்கிட்டு ஒரு புதுச் செருப்பு வாங்கக் கூடாதா"ன்னு. "தையில வாங்கிக்கறேன் தங்கச்சி"ன்னு சிரிச்சாரு. மோரு குடுத்தேன், வாங்கி மடமடன்னு குடிச்சாரு. அந்தச் செருப்பப் பாத்ததும் எனக்கு…

என்ன தாயி அப்படிப் பாக்கறீக?

நான் என்ன சொன்னேன்?

இல்ல, அது வேற நாளு. அவரு அடிக்கடி வர்றவருதான, அண்ணன் முறைன்னு சொன்னேன்ல. தையின்னது… கல்யாணம் தையிலன்னு ஊருக்கே தெரியும்…

சரி. அந்தப் பக்கம் திரும்பிக்காதீக. சொல்றேன்.

வந்தாரு. மத்தியான நேரம், இவரு லோடு ஏத்திக்கிட்டு வெளியூரு போயிருந்தாரு. "அவன் இருக்கும்போது சொன்னா அழுதுருவான் தங்கச்சி, எனக்கும் அழுகை வந்துரும், அதான் உன்கிட்டச் சொல்றேன்"னாரு. பாக்கியம் மதினி சொன்னதுல ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்ல. ஒரு வருசந்தான் கேட்டாரு. அடுத்த பூசைக்கு எல்லாம் உங்களுதுன்னாரு. நான் சரிண்ணேன்னேன். தலையாட்டிட்டு, மோரு டம்ளரக் கழுவிக் கவுத்தும்போது நெனச்சேன், இன்னும் ஒரு வருசம் அவ வெளக்கு ஏத்துவா, நான் சுண்டலப் பாக்கணும்னு. அவ்வளவுதான் நெனச்சேன் தாயி. சத்தியமா அதுக்கு மேல ஒண்ணும் நெனைக்கல. ஒரு உசுரு போகும்னா நெனச்சேன்? இவர்கிட்டச் சொன்னா "அண்ணன் மனசே மனசு"ன்னு போயி அவரு காலுல விழுந்துட்டு, இன்னும் ரெண்டு வருசம் நீங்களே இருங்கண்ணேன்னு சொல்லிட்டு வந்துருவாரு. எனக்குத் தெரியாதா எம் புருசனப் பத்தி. அதனால சொல்லல. பூசையில கொக்கி தாம்பாளத்துல இருந்துட்டா, எல்லாரும் சரி போன்னு விட்டுருவாகன்னு நெனச்சேன். சோலைமலை அண்ணனே சிரிச்சுக்கிட்டு விட்டுருவாரு. பாருங்க, அவரு சிரிக்கத்தான செஞ்சாரு. நான் நெனச்சது தப்பில்லல்ல?

பொரிக்குள்ள கெடந்துக்கிட்டு அவரு எங்க வீட்டுக்காரரப் பாக்கல. என்னையப் பாத்தாரு. வாய்ல ரத்தம். "சொல்லலியா தங்கச்சி"ன்னாரு. அப்பறம் பேச்சில்ல. எனக்குத்தான் கேட்டுச்சுன்னு இத்தன நாளு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப யோசிச்சா, இவரு காதுலயும் விழுந்திருக்கு. போலீஸு வர்ற வரைக்கும் அந்த எடத்த விட்டு அசையாம, அவரு தலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஜாமீன் வேணாம்னுட்டாரு. வக்கீலு வேணாம்னாரு. நானும், "ரோசக்கார மனுசன், அப்படித்தான் இருப்பாரு"ன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்த உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. அந்த மனுசனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்கறாரு. பதில் அவருக்கு வேணாம் தாயி. நான் சொல்றேனா, இல்ல அப்பவும் பொய் சொல்றேனான்னு பாக்கணும் அவருக்கு.

வெக்கமா இருக்கு. ஜெயிலுக்குப் போறவன்னு நீங்க பைய எடுத்து மடியில வச்சப்ப வெக்கமா இருந்துச்சு, அதெல்லாம் ஒரு வெக்கமா. இப்ப வர்ற வெக்கத்துக்கு என் மொகத்த எங்கிட்டு வச்சுக்கறதுன்னு தெரியல.

பாத்திமா காலேஜு தாண்டிருச்சு. அடுத்தது ஆரப்பாளையம். கொஞ்சம் காலை ஒதுக்குங்க தாயி, எந்திரிக்கணும். போயிச் சொல்லிருவேன்னுதான் நெனைக்கிறேன். வந்தாரு, நான்தான் உங்ககிட்டச் சொல்லல. அம்புட்டுத்தான், சின்ன வார்த்தை. சொன்னதும் என்ன செய்வாருன்னு நெனச்சாத்தான் காலு வரமாட்டேங்குது. அவரு ஒருநாளும் என்னைய அடிச்சதில்ல தாயி. ஒருநாளும். இன்னைக்கு அடிச்சாருன்னா தேவலாம். ஆனா நடுவுல கம்பி வலை போட்டிருக்காக. பேசத்தான் முடியும்.